நூறு வட்டம்

நான் பார்த்த சாட்சிகளிலேயே முதல்தரமான சாட்சி ஒரு லேப் அக்கா. போலீஸில் இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம். பார்த்ததைக் கூட்டிச் சொல்கிறவன், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறவன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறவன், இவர்கள் எல்லாரையும் கூண்டில் ஏற்றி இறக்கியாயிற்று. அந்த அக்காவைப் போல இன்னொருவரை நான் பார்க்கவில்லை. அவர் பெயரை மட்டும் எழுதமாட்டேன். தன்னிடம் வந்த நோயாளியின் பெயரைத் தன் வீட்டில்கூடச் சொல்லாத மனுஷி அவர். நான் அவர் பெயரை அச்சில் ஏற்றினேன் என்று தெரிந்தால் பஸ் பிடித்து வந்து ஏசுவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. நோயாளிகளின் சளியைப் பார்த்து, அதில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று எழுதித் தருவது அங்கே அவர் வேலை. எண்பதுகளின் பாதியில் நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு நாற்பது வயதிருக்கும். காலையில் வத்திராயிருப்பு பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் சாப்பாட்டுத் தூக்கு, தலையில் கொஞ்சம் கனகாம்பரம். லேப் வாசலில் ஒரு ஆணி உண்டு. பூவை எடுத்து அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். சாயங்காலம் வாடிப்போன அதே பூவை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

அவருடைய மைக்ராஸ்கோப் ஒற்றைக் குழல் வைத்தது. அடியில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வட்டக் கண்ணாடி. ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சத்தை அந்தக் கண்ணாடிதான் மேலே திருப்பிவிடும். அதனால் மேகம் போட்டுவிட்டால் அவரிடம் ரிப்போர்ட் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வராந்தா பெஞ்சில் ஜனம் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை காரில் வந்து இறங்கிய முதலாளி ஒருவர், மதுரையில் அவசர வேலை இருக்கிறது, உத்தேசமாகப் பார்த்துச் சொல்லிவிடும்மா என்றாராம். உத்தேசமா இருமியிருந்தா உத்தேசமாச் சொல்லலாம், செத்த நேரம் உக்காருங்க என்று சொல்லிவிட்டு, அக்கா வெளியே போய்த் தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம்.

மேஜையில் ரெண்டு கிண்ணம் இருக்கும். ஒன்றில் பத்துப் புளியங்கொட்டை, மற்றது காலி. லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒரு நேரத்தில் ஒரு வட்டம்தான் தெரியும். வட்டம் முழுக்க நீலமாக இருக்கும். கிருமி இருந்தால் அதற்குள் சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியும். சிலைடைக் கொஞ்சம் நகர்த்தினால் அடுத்த வட்டம். பத்து வட்டம் பார்த்ததும் ஒரு கொட்டையை எடுத்து மற்றக் கிண்ணத்தில் போடுவார். பத்துக் கொட்டையும் இடம் மாறினால் நூறு வட்டம். நூறையும் பார்த்து ஒரு குச்சிகூட அகப்படாவிட்டால்தான் சீட்டில் ‘காணவில்லை’ என்று எழுதுவார். அகப்பட்டால் கூட்டத்தைப் பொறுத்து ஒரு பிளஸ், ரெண்டு பிளஸ், மூணு பிளஸ். மூணுக்கு மேல் கிடையாது.

கொட்டை நகர்கிற நேரத்தில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. பேசினால், ஒன்பதாவது கொட்டையில் இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் பழைய கிண்ணத்தில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். பெரிய டாக்டரே ஒருநாள் வாசலில் நின்று கூப்பிட வாயைத் திறந்தவர், கிண்ணத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

சளி கொண்டுபோகிற சங்கதி ஒன்றையும் சொல்ல வேண்டும். சளி துப்பிய கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யார் பஸ் ஏறுவார்கள்? பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து ஓடிவிடுவான், ஊருக்கும் தெரிந்துபோகும். அதனால் ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள் கிண்ணத்தைப் பால்கோவா டப்பாவுக்குள் வைத்து, நூல் கட்டிக் கொண்டு வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்புகிற பஸ்ஸில் பால்கோவா டப்பா இருந்தால் நியாயம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வருகிற பஸ்ஸில் காலையில் எதற்கு இத்தனை டப்பா என்று எந்தக் கண்டக்டரும் யோசித்ததில்லை. அக்கா மட்டும் ஒவ்வொரு டப்பாவையும் வாங்கும்போது, எங்க ஊருக்கே பால்கோவாவா என்று கேட்பார். குணமாகிப் போன ஒருவர் நன்றியோடு நிஜமான பால்கோவாவையே கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திறக்க யாருக்கும் தைரியம் இல்லை. ரெண்டு நாள் கழித்து எறும்பு மொய்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அப்படி ஒரு டப்பாவோடு போனவன்தான் நானும். அப்போது எனக்கு இருபத்திரெண்டு வயது. போலீஸ் செலக்‌ஷனில் தேறியிருந்தேன். நெஞ்சளவு எடுக்கும்போது மூச்சை இழுத்து விரித்துக் காட்டச் சொல்வார்கள். நான் விரித்த விரிப்பில் டேப் பிடித்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் நான் சட்டைப் பட்டன் போட்டு நடந்ததாக ஞாபகம் இல்லை. அம்புட்டுத் திமிர்.

என் அய்யா மில்லில் பஞ்சு பிரிக்கிற பகுதியில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். வேலையை விட்டு வந்த பிறகு இருமல் அவரை விடவில்லை. உடம்பு வற்றி நெஞ்செலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போல ஆகிவிட்டார். டிபிதான் என்று தெரு முடிவு பண்ணியது. தெருவுக்கு முன்னால் நான் முடிவு பண்ணினேன். தங்கை முதல் பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று வீட்டில் இருந்தாள். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு என்று சொல்லி, அய்யாவைப் பின்னால் விறகு அடுக்குகிற கொட்டகைக்கு மாற்றினேன். அவருடைய தட்டிலும் தம்ளரிலும் ஆணியால் கீறி நான்தான் அடையாளம் போட்டேன். அய்யா அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

உள்ளூரில் காட்டினால் வெளியே தெரியும் என்று அவர் சளியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனேன். மூன்று நாள், மூன்று டப்பா. டிரெய்னிங்குக்கு வரச் சொல்லிய ஆர்டர் அந்த வாரம்தான் வந்திருந்தது. மூன்றாவது நாளும் அக்கா ‘காணவில்லை’ என்றே எழுதித் தந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராத்திரி பகல் இருமுகிற மனுஷனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று சத்தம் போட்டேன். போட்ட சத்தத்தில் எனக்கு இருமல் வந்தது.

அடுத்த சிலைடை ஆரம்பித்திருந்த அக்கா, நகர்த்திய கொட்டைகளைப் பழைய கிண்ணத்தில் கொட்டிவிட்டுத் திரும்பினார்.

“தம்பி, இருமுனது யாரு?”

“எங்க அய்யாதாங்க்கா. வீட்டுல இருக்காரு.”

“அவியளக் கேக்கல. இப்பம் இருமுனது யாருன்னு கேக்கேன்.”

விடிகாலைப் பனியில் ஓடுகிறேன், ஒரு மாதமாக லேசான இருமல் என்றேன். ஒரு மாசமாவா பனி பெய்யுது என்று கேட்டுவிட்டு சளி எடுக்க ஒரு காலிக் கிண்ணத்தை நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, கிறுக்கு பிடித்த பொம்பளை, இவள் ஆசையைக் கெடுப்பானேன் என்று மறுநாள் காலையில் என் சளியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அய்யாவின் சிலைடுக்கு ஒவ்வொரு நாளும் பத்துக் கொட்டையும் மெதுவாக நகர்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். என் சிலைடுக்கு ரெண்டு கொட்டைதான் நகர்ந்தது. அதற்குள் அக்கா நிமிர்ந்து சீட்டை எழுதிவிட்டார். சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷமாக உள்ளே போனேன். சீட்டில் மூணு பிளஸ் போட்டிருந்தது. பார்த்த வட்டமெல்லாம் சிவப்புக் குச்சியாகக் கிடந்ததால் அதற்கு மேல் பார்க்க அவசியமே இல்லாமல் போயிருக்கிறது.

அன்றைக்கு அந்த மேஜைக்கு முன்னால் நின்று நான் சொன்னதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

“அக்கா, இருவது நாளுல டிரெய்னிங். இதை எங்க அய்யா பேருல எழுதிருங்க. அவருக்கு இனிமே என்ன ஆகப்போவுது?”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“உங்க அய்யா சளியில முந்நூறு வட்டம் பாத்தேன் தம்பி. ஒண்ணுகூடக் காணல. காணாததை எப்படி எழுத? உன்னதுல பாத்த இடமெல்லாம் இருக்கு. கண்டதை எப்படி எழுதாம இருக்க?”

நான் ஒரு மூச்சில் ஊரைச் சுற்றி ஓடுகிறவன், எனக்கு ஒரு நோவும் இல்லை, படுத்துக் கிடக்கிறவர் அவர்தான் என்று வாதாடினேன். கிருமி எத்தனை என்பது ஒன்று, ஆள் எப்படி இருக்கிறான் என்பது இன்னொன்று, ரெண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்று சட்டம் இல்லை என்றார். அய்யாவுக்கு இருப்பது வேறு ஏதாவதாக இருக்கும், அதை டாக்டர் சொல்வார் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“வீட்டுல கைப்பிள்ளை உண்டா?”

“தங்கச்சி பிள்ளை இருக்கு.”

“எங்க படுக்கும்?”

அது என் நெஞ்சின் மேல்தான் படுக்கும். ராத்திரி சிணுங்கினால் தங்கை கொண்டுவந்து மாமன் நெஞ்சில் குப்புறப் போட்டுவிடுவாள். டேப் பிடித்தவர் நிமிர்ந்து பார்த்தாரே, அதே நெஞ்சு. நான் மூச்சு விட விட அந்தக் குழந்தை ஏறி இறங்கித் தூங்கும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அக்கா என்னைத் தேற்றவில்லை. நாளைக்குக் காலையில் தாயையும் பிள்ளையையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

அய்யாவுக்கு இருந்தது பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்த கோளாறு. அது யாருக்கும் ஒட்டாது. நான் கொட்டகைக்குப் போனேன், அய்யா வீட்டுக்குள் வந்தார். முதல் நாள் அவரே எனக்குச் சோறு கொண்டுவந்தார். கீறல் போட்ட அந்தத் தட்டைக் கொடுங்கள், அதிலேயே சாப்பிடுகிறேன் என்றேன். “அது எனக்குப் பழகிருச்சுலே, நீ வேற தட்டுல தின்னு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாகிறவரைக்கும் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

குழந்தைக்கு நோய் வராமல் இருக்க ஆறு மாதம் தினமும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தார்கள். எனக்கு ஊசியும் மாத்திரையும். மாத்திரையின் சாயத்தில் சிறுநீர் செம்மண் தண்ணீர் மாதிரி போகும். டிரெய்னிங்குக்கு மஞ்சள் காமாலை என்று ஒரு பொய்யை எழுதி அனுப்பி, அடுத்த பேட்சில் சேர இடம் வாங்கினேன். சான்றிதழ் யார் கொடுத்தார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஏச்சு வாங்கியிருப்பேன்.

ரெண்டு மாதம் கழித்துச் சளி பார்த்தபோது மூணு பிளஸ் ஒரு பிளஸ்ஸாக இறங்கியிருந்தது. நான் வராந்தாவிலேயே குதித்தேன். முக்கால்வாசி குணமாயிட்டேன் அக்கா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வெளியே வந்து, பூ மாட்டுகிற ஆணிப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பேண்டேஜ் துணி நெய்கிற பெண், பதினெட்டு வயது. ஊர், பேர் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு பிளஸ்தான். நூறு வட்டத்தில் ஏதோ கொஞ்சம் குச்சி. பயந்து அழுதவளிடம், அட ஒரு பிளஸ்தானே, பயப்படாதே, சீக்கிரம் சரியாகிவிடும் என்று அக்காவே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஒருநாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதே ஒரு பிளஸ். அது மாத்திரைக்குச் சாகாத வகைக் கிருமி. அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை. அதே வருஷம் மூணு பிளஸ் லாரி டிரைவர் ஒருவர் குணமாகி மறுபடி ஸ்டியரிங் பிடித்துவிட்டார்.

“லென்ஸுல எல்லாம் ஒரே சிவப்புக் குச்சிதான் தம்பி. எது மாத்திரைக்குச் சாகும், எது சாகாதுன்னு அது மூஞ்சியிலயா எழுதியிருக்கு? எத்தனைன்னு கேட்டா நான் சொல்லுவேன். எப்பேர்ப்பட்டதுன்னு எனக்குத் தெரியாது. உனக்கு எம்புட்டுக் கஷ்டம்னு நீதான் சொல்லணும். இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லிட்டேன்.”

இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கிண்ணத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். அன்றைக்கு வானத்தில் நல்ல வெளிச்சம் இருந்தது.

சிகிச்சை முடிந்ததும் பத்துக் கொட்டையும் எனக்காக நகர்ந்தன. ‘காணவில்லை’ சீட்டோடு வீட்டுக்குப் போனேன். அடுத்த பேட்சில் சேர்ந்தேன். தங்கை மகள் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்து, பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் தம்ளரும் டிபன் பாக்ஸும் ஜெயித்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் காமாலைப் பொய்யும் என் பைலில் ஒன்பது வருஷம் பத்திரமாகத் தூங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எனக்கு டியூட்டி. ஒருநாள் என் கேஸ் கூப்பிடுவதற்காக வாசலோரம் நிற்கிறேன், கூண்டில் அக்கா ஏறினார். தலை நரைத்திருந்தது. பூ இல்லை, கோர்ட்டிலும் வாசலில் எங்கேயாவது மாட்டிவிட்டு வந்தாரோ என்னவோ.

வழக்கு இதுதான். சோழபுரத்துப் பெண் ஒருத்தியை ராஜபாளையத்தில் ஒரு வியாபாரி வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ரெண்டாம் மாதம் சளி பார்த்ததில் மூணு பிளஸ். நோயை மறைத்துக் கட்டிவைத்து ஏமாற்றிவிட்டார்கள், இந்தக் கல்யாணம் செல்லாது என்று புருஷன் மனுப் போட்டிருந்தான். சீட்டு எழுதியவர் என்பதால் அக்காவுக்குச் சம்மன். அந்தப் பெண் தன் தாயோடு ஒரு ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றாள். மனு ஜெயித்தால் ஏமாற்றுக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டுதான் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

புருஷன் பக்கத்து வக்கீல் கேட்டார். மூணு பிளஸ் என்றால் நோய் முற்றிவிட்டது என்றுதானே அர்த்தம்? இல்லை, கிருமி நிறைய இருக்கிறது என்று அர்த்தம் என்றார் அக்கா. ரெண்டும் ஒன்றுதானே என்றார் வக்கீல். ரெண்டும் வேறு என்றார் அக்கா. வக்கீல் விடவில்லை.

“அப்படின்னா, மூணு பிளஸ் இருக்கிற ஒருத்தர் அது தனக்கே தெரியாம, நல்லா நடமாடிக்கிட்டு இருக்க முடியும்ங்கிறீங்க?”

“முடியும்.”

“கண்ணால பார்த்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேன்.”

“யாரு? பேரைச் சொல்லுங்க.”

அக்கா ஜட்ஜ் பக்கம் திரும்பினார். ஜட்ஜ் தன்மையாகத்தான் சொன்னார்: பேர் சொல்லாவிட்டால் உங்கள் வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வதம்மா? அந்தப் பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார் அக்கா. கூண்டில் ஏறும்போதே அவர் என்னைப் பார்த்துவிட்டார், அது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. வக்கீல் சிரித்துக்கொண்டே, அப்படி ஒரு ஆளே கிடையாது அய்யா, இந்த அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்றார்.

வாய்க்கு வந்ததையாம். முந்நூறு வட்டம் பார்த்துவிட்டு ‘காணவில்லை’ என்று எழுதுகிற மனுஷியைப் பார்த்து! என் வேலை என்ன ஆகும், பைலில் தூங்குகிற பொய் என்ன ஆகும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. தோன்றிக்கொண்டிருக்கும்போதே கால் முன்னால் போய்விட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

“அய்யா, அந்த ஆளு நான்தாங்கய்யா.”

ஜட்ஜ் என்னை அதட்டினார். பிறகு அந்தப் பெண்ணின் வக்கீல் எழுந்து, என்னையே சாட்சியாகக் கூப்பிட அனுமதி கேட்டார். அடுத்த வாய்தாவில் நான் கூண்டில் ஏறினேன். எத்தனையோ பேரை ஏற்றிய கூண்டில் என்னை ஒருவர் ஏற்றியது அதுதான் முதல் தடவை. மூணு பிளஸ்ஸோடு போலீஸ் செலக்‌ஷனில் நெஞ்சை விரித்துக் காட்டியது, குழந்தையை நெஞ்சில் போட்டுத் தூங்கவைத்தது, மஞ்சள் காமாலை என்று பொய் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனு தள்ளுபடியானது. மருந்து சாப்பிட்டுக் குணமான அந்தப் பெண், புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் செய்ததுதான் சரி.

நான் சாட்சி சொல்லி இறங்கிய அன்றைக்குக் கோர்ட்டுக்கு வெளியே காத்திருந்து அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உன்னைய யாருலே வரச் சொன்னா? வேலை போச்சுன்னா என்னலே செய்வ?”

ஒன்பது வருஷமும் தம்பி என்று கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் ‘லே’ போட்டார். நீங்கள் கண்டதை நீங்கள் சொன்னீர்கள், நான் கண்டதை நான் சொன்னேன் என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்.

பத்து நாளில் மெமோ வந்தது. பொய்க் காரணம் எழுதியதற்கு விளக்கம் வேண்டும், இப்போது நோய் இல்லை என்பதற்குச் சளிப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும், ரெண்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆபீஸுக்கு வந்து சேர வேண்டும். ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். இந்தத் தடவை பால்கோவா டப்பா இல்லை. யூனிபார்மோடு, சளிக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். இடம் தாராளமாக இருந்தது.

மூன்று நாளில் மூன்றாவது சிலைடு வெள்ளிக்கிழமை. ஐப்பசி மாதம். காலையிலிருந்தே மேற்கு மலைப் பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு ஏழாவது கொட்டை விழுந்தது. எழுபத்தோராவது வட்டத்துக்குச் சிலைடை நகர்த்தும்போது மேகம் மொத்தமாக மூடி, அறை இருட்டிவிட்டது. அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் முதன்முதலாகத் தடுமாறியது அன்றைக்குத்தான். எழுபது வட்டம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. முந்தின ரெண்டு நாளும் ஒன்றும் இல்லை. மீதி முப்பதை யார் கேட்கப்போகிறார்கள்?

“அஞ்சு மணிக்குள்ள குடுக்கணுமே தம்பி. என்ன செய்யச் சொல்லுத?”

இதே மேஜைக்கு முன்னால் நின்று, அய்யா பேரில் எழுதிவிடுங்கள் என்று கேட்டவன் நான்.

“வெளிச்சம் வரட்டும்க்கா. நூறையும் பாத்துட்டே எழுதுங்க.”

அக்கா சிரித்தார். ஏழு கொட்டையையும் எடுத்துப் பழைய கிண்ணத்தில் கொட்டினார். நான்தான் குறுக்கே பேசிவிட்டேனே! ராத்திரி வரை மழை விடவில்லை. மறுநாள் காலை வெயிலில் முதல் வட்டத்திலிருந்து நூறையும் பார்த்து ‘காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். ஒருநாள் தாமதமாகக் கொண்டுபோய் ஆபீஸில் சேர்த்தேன். பொய் எழுதியதற்குக் கண்டித்து எச்சரித்து விட்டுவிட்டார்கள். தாமதத்துக்குத் தனியாக இன்னொரு மெமோ கொடுத்தார்கள்.

முதல் மெமோ எங்கே போனது என்று தெரியவில்லை. ரெண்டாவது மெமோவை மட்டும் இன்னும் பீரோவில், வாங்கிய மெடல்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.